நெஞ்சுவலிக்குக் கூட வந்தவர்கள்

நர்ஸ் வேலை என்றால் ஊசி போடுவது என்றுதான் எங்கள் வீட்டில் நினைத்தார்கள். உண்மையில் அது ஒருவரிடம் கேள்வி கேட்டு இன்னொருவரிடம் பதில் வாங்கும் வேலை. கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிற யாருக்கும் இது தெரிந்திருக்கும். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். 2009இல் சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது எனக்கு இருந்த ஒரே பயம், மாரடைப்பை வாயு என்று நினைத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேனோ என்பதுதான்.

மச்சான் சொன்னது

கடலூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர், கல்யாணத்துக்கு வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். "வலி எங்க இருக்கு?" என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்த மச்சான், "பந்தியில ஜாஸ்தி சாப்ட்டுட்டாரு சிஸ்டர், கேஸு" என்றார். "கைக்குப் பரவுதா?" "ஏப்பந்தான் வருது." நான் விடவில்லை, ஈசிஜி எடுத்தேன். டாக்டர் பார்த்துவிட்டு வாயுதான் என்றார். மச்சான் என் பக்கம் திரும்பினார்: "நான் சொன்னா நம்ப மாட்டீங்க, பேப்பர் சொன்னாதான் நம்புவீங்க, இல்ல?"

நீட்டிய கைகள்

கீரப்பாளையத்துக்காரர் ஒருவருக்கு பிரஷர் பார்த்தேன். பட்டையைக் கழற்றியதும் அவர் தம்பி சட்டைக் கையை மடக்கி நீட்டினார். அடுத்து தம்பி மனைவி வளையலை மேலே ஏற்றினார். மறுக்கத் தெரியாமல் அவர்களுக்கும் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்சார்ஜ் சிஸ்டர் வந்து நின்றார்: "கூட வந்தவங்களுக்கெல்லாம் பாத்தா நாளைக்கு மினி பஸ்ஸே உள்ள வந்து நிக்கும். பேஷண்ட்டை மட்டும் பாரு."

கல்லு வச்ச மாதிரி

குமராட்சியிலிருந்து ஒரு தம்பதி. கணவர் கட்டிலில், மனைவி தலைமாட்டில் நின்றார். "ஐயா, வலி எப்படி இருக்கு?" என்றேன்.

"நடு நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி" என்றார் மனைவி. "தாடை வரைக்கும் இழுக்குது."

"எனக்கு எரிச்சல்தான்…" என்று அவர் ஆரம்பித்தார்.

"நீ சும்மா இரு மாமா, நான் சொல்றேன்ல."

பதிலெல்லாம் பாடப் புத்தகத்தில் இருப்பதைப் போலவே வந்தது. கணவருக்கு எடுத்த ஈசிஜியோ குறை சொல்ல முடியாதபடி இருந்தது. அடுத்தவர் வலியை இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறார் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அம்மா, இந்த வலி அவருக்கா, உங்களுக்கா?"

"காலையிலேருந்து எனக்கே இப்பிடி இருக்குதே, நெஞ்ச புடிச்சிக்கினு படுத்திருக்கிறவருக்கு எப்பிடி இருக்கும்னு சொன்னேன்."

கணவரை இறக்கிவிட்டு மனைவியைப் படுக்க வைத்தோம். அந்த ஈசிஜியைப் பார்த்ததும் டாக்டர் உட்காரவே இல்லை. நேரே ஐசியூ.

பிழைத்துக்கொண்டார். வார்டுக்கு மாற்றியதும் போய், "இப்ப எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். தலைமாட்டில் நின்ற கணவர் முந்திக்கொண்டார்: "அவளுக்கு வலியே இல்ல சிஸ்டர், நான் சொல்றேன்ல."

அதிலிருந்து கேள்வியைக் கட்டிலில் இருப்பவரிடம் கேட்கிறேன், நாடியைப் பதில் சொல்பவரிடம் பிடிக்கிறேன்.