பதினேழாம் நம்பர் வரவில்லை

ரீபா டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்வதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. பதினோரு வருஷமாகப் பக்கத்து வகுப்பில் இருந்துகொண்டு அவரைக் கேலி செய்தே பழகிவிட்டேன். நான் குமரகுருபரன், ஏழாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். அவர் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். இரண்டு வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. அவர் அங்கே அசோகர் காலத்துச் சாலைகளைப் பற்றிப் பேசினால் இங்கே என் பிள்ளைகளுக்குப் பின்னம் தப்பும். அவ்வளவு குரல்.

அந்தக் குரல் அவருக்கு அப்பா வழிச் சொத்து. அப்பா அப்பாத்துரை பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். வருகிற பஸ்ஸையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, வராத பஸ்ஸுக்காக டிப்போவுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பாராம். "வந்த பஸ்ஸ எழுதுததுக்கு நான் எதுக்கு? வராத பஸ்ஸு எங்கன நிக்குன்னு தெரியணும், அதுக்குத்தான் என்னைய இங்க உக்கார வச்சிருக்காவ" என்று சொல்வாராம். டீச்சர் இதை என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நூறு தடவையும் நான் சிரித்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் கன்னடியன் கால்வாய் பாய்கிறது. வாழை உண்டு, நெல் உண்டு, வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் வேலை உண்டு. பள்ளிக்கூடம் மட்டும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதாவது படிக்க மெயின் ரோட்டுக்குப் போய்க் காலை எட்டு பத்து பஸ்ஸைப் பிடித்துச் சேரன்மகாதேவிக்குப் போக வேண்டும். அந்த பஸ்ஸில் ஏறாமலே படிப்பு நின்றுபோன பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு பேராவது இருப்பார்கள், பெரும்பாலும் பெண்பிள்ளைகள். மூன்று வருஷத்துக்கு முன் டீச்சரின் வகுப்பிலேயே ஒரு பெண் தொடர்ந்து பதினோரு நாள் வரவில்லை. பதிவேட்டில் பதினோரு தடவை 'வரவில்லை' என்று குறித்தார். பன்னிரண்டாம் நாள்தான் அந்தக் குடும்பமே திருப்பூருக்குப் போய்விட்டது தெரிந்தது. அன்று மத்தியானம் டீச்சர் சாப்பிடவில்லை. "எங்கப்பா இருந்திருந்தா என்னைய வேலைய விட்டே தூக்கியிருப்பாவ சார்" என்றார்.

அதற்கு அடுத்த ஜூனில் தொடங்கியதுதான் அவருடைய பேர் கூப்பிடும் முறை. நாங்கள் எல்லோரும் செல்போனில் இரண்டு நிமிஷத்தில் வருகையைப் பதிந்துவிடுவோம். அவரும் பதிவார். ஆனால் அதற்கு முன் பிள்ளைகளே பேர் கூப்பிட வேண்டும். முதலாம் நம்பர் எழுந்து இரண்டாம் நம்பர் வந்திருக்கிறான் என்று சொல்ல வேண்டும், இரண்டு மூன்றைச் சொல்ல வேண்டும். கடைசி நம்பர் முதலாம் நம்பரைச் சொன்னால் வட்டம் முடியும். அடுத்த ஆள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். தெரியாது என்பது அந்த வகுப்பில் பதிலே இல்லை. தெரியாவிட்டால் சாயந்திரம் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்து, மறுநாள் காலையில் சொல்ல வேண்டும்.

நம்பரை அகர வரிசையில் போடாமல் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஆனால் பள்ளிவாசல் தெருப் பிள்ளைக்கு அடுத்த நம்பர் கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பிள்ளையாகவும், சர்ச் தெருவுக்கு அடுத்தது வடக்குத் தெருவாகவும் வந்து விழுந்தது. சீட்டில் அப்படி வந்தது என்பார். நான் கணக்கு வாத்தியார், என்னிடம் அந்தக் கதை நடக்காது. இரண்டொரு வீட்டில் முகம் சுளித்தார்கள், ஒருவர் தலைமையாசிரியரிடமே வந்து சத்தம் போட்டார். டீச்சர் சீட்டு மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார். "டீச்சர், இது வகுப்பா, துப்பறியும் இலாகாவா?" என்று நான் கேட்டதற்கு, "ரெண்டுந்தான்" என்றார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. நாங்கள் 'என் கிளாஸ்', 'என் பசங்க' என்று பேசினால் அவருக்குப் பிடிக்காது. "ஏப்ரல்ல கைய விடப் போறோம், இதுல என்ன சார் என்னோடது?" என்பார். அவர் வாயில் எப்போதும் 'எட்டாம் வகுப்புப் பிள்ளைக'தான்.

போன வருஷத்து எட்டாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். இருபத்தெட்டுப் பேரையும் ஒன்பதாவதில் சேர்த்துவிட வேண்டும், ஒன்றுகூட நிற்கக் கூடாது என்று டீச்சர் பிடிவாதமாக இருந்தார். ஏப்ரல் நடுவில் இருபத்தேழு விண்ணப்பம் பெற்றோர் கையெழுத்தோடு வந்துவிட்டது. வராத ஒன்று பதினேழாம் நம்பர் சங்கரியுடையது. வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிற பெண். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வாழைத் தோப்புகளுக்கு நடுவே தனியாக நிற்கிற வீடு அவளுடையது.

டீச்சர் மூன்று தடவை அங்கே போனார். மூன்றாவது தடவை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். சங்கரியின் அப்பா தேவேந்திரன் எங்களுக்குப் பாயை விரித்துவிட்டுத் தான் நின்றுகொண்டே இருந்தார். டீச்சர் உதவித்தொகையைச் சொன்னார், சட்டத்தைச் சொன்னார், பிள்ளை கலெக்டராகவே ஆகலாம் என்றும் சொன்னார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"கலெக்டர் ஆகட்டும் டீச்சர், நான் வேண்டாம்னா சொல்லுதேன்? ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் வாழை. நான் விடியும் முன்ன மோட்டார் போடப் போயிருதேன். அவ அம்மைக்குப் பீடி சுத்துத சுளக விட்டு எந்திரிக்க முடியாது. எட்டு பத்து பஸ்ஸுக்குப் பிள்ள யாரு கூடப் போவா? சாயந்திரம் யாரு கூடத் திரும்பி வருவா? அத மட்டும் சொல்லுங்க, நான் இப்பமே கையெழுத்துப் போடுதேன்."

விண்ணப்பத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். டீச்சர் ஸ்கூட்டியை எடுக்கும்போது, "அவரு கேட்டது நியாயமான கேள்வி சார். ஜூன்ல இருந்து அந்தப் பிள்ளைகளப் பேர் சொல்லிக் கூப்பிட யாரு இருக்கா?" என்றார். நான் கேலி செய்யவில்லை.

கடைசி வேலை நாள் வந்தது. டீச்சர் ஒரு பெரிய தூக்குச்சட்டி நிறைய முந்திரிக்கொத்துப் பலகாரம் செய்து கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளிடம் விடைபெற்றுப் பேசுவதற்காக இரண்டு பக்கத்துக்கு எழுதியும் வைத்திருந்தார். தலைமையாசிரியர் வேதநாயகம் ஐயா ஏதோ படிவத்தில் கையெழுத்து வாங்க அவரை அறைக்குக் கூப்பிட்டார், என்னையும் கூப்பிட்டார். கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால் எட்டாம் வகுப்பில் இருபத்தேழு பை இருக்கிறது, ஒரு பிள்ளைகூட இல்லை.

கரும்பலகை நிறைய எழுத்து. மேலே ரைஹானத்தின் குண்டு எழுத்தில், 'பதினேழாம் நம்பர் சங்கரி வரவில்லை. காரணம் தெரியவில்லை. இன்று கடைசி நாள், நாளைக்குச் சொல்ல முடியாது. அதனால் இப்போதே கேட்கப் போகிறேன். இப்படிக்கு, 16.' அதன் கீழே, 'ரைஹானத் வகுப்பில் இல்லை. அவளைப் பார்க்க வேண்டியது நான். நானும் போகிறேன். இப்படிக்கு, 15, டார்லின்.' அதற்கும் கீழே, 'டார்லின் இல்லை, நானும் போகிறேன், 14.' இப்படியே இறங்கி ஒன்று வரைக்கும் வந்து, ஒன்றைப் பார்க்க இருபத்தெட்டு போய், இருபத்தெட்டைப் பார்க்க இருபத்தேழு போய், பலகையின் அடியில் இடமில்லாமல் சுவரில் எழுதியிருந்தான் பதினெட்டாம் நம்பர் மகேஸ்வரன்: 'பத்தொன்பது போய்விட்டான். என்னைப் பார்க்க வேண்டியவள் சங்கரி. அதனால் அவளிடமே போகிறேன்.'

வேதநாயகம் ஐயா பலகையைப் படித்து முடிக்கும் முன்பே வியர்த்துவிட்டார். "வே குமரகுருபரன், என்னவே இது? இருபத்தேழு பிள்ளைக கேட்டைத் தாண்டிப் போயிருக்கு. எவனாவது அதிகாரி வந்து நின்னா நான் பலகையக் காட்டவா?" என்றார். அவர் கோபத்தில் தப்பில்லை, எனக்கும் கோபம்தான். டீச்சர் தூக்குச்சட்டியை என் கையில் திணித்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பினார். நான் பின்னால் உட்கார்ந்து, சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கால்வாய்க் கரை முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே போனேன். "இதுக்குத்தான் சொன்னேன், இதுக்குத்தான் சொன்னேன்" என்று. என்ன சொன்னேன் என்று அவர் கேட்கவில்லை.

சங்கரி வீட்டு முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. சங்கரியின் அம்மா அன்னத்தாய் பீடிச் சுளகைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவே திகைத்து நின்றார். பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனிமேல் பள்ளிக்கூடம் எதற்கு என்று மகளை பீடி இலை வெட்ட உட்காரவைத்திருக்கிறார்கள், அதுதான் காரணம். தேவேந்திரன் சேற்றுக் காலோடு தோப்பிலிருந்து ஓடி வந்திருந்தார். டீச்சர் பிள்ளைகளை ஏச வாயைத் திறந்தார். அதற்குள் தேவேந்திரன் முந்திக்கொண்டார்.

"என்ன டீச்சர், ஒரு நாளு இவ வரலன்னு ஊரே வந்து நிக்கி."

"தப்புத்தான் அண்ணாச்சி. இன்னைக்குக் கடைசி நாளு பாத்துக்கிடுங்க, அதான்..." என்று டீச்சர் இழுத்தார்.

"கடைசி நாளுதான? ஜூன்ல யாரு வருவா?" என்றார் தேவேந்திரன். அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார்.

பதில் சொன்னது ரைஹானத். "ஜூன்லயும் பதினாறுக்கு அடுத்தது பதினேழுதான மாமா."

"உங்க வீடு அந்தப் பக்கம்லா பிள்ள? நீ தார் ரோட்டு வழியாப் போயிருவ."

"கால்வாய்க் கர வழியாவும் ரோட்டுக்குப் போகலாம். பத்து நிமிஷம் கூட ஆகும், அவ்வளவுதான். ஏழரை மணிக்குள்ள இங்கன வந்துருவேன். சாயந்திரமும் கொண்டாந்து விட்டுட்டுத்தான் போவேன்."

"அப்பம் நீ தனியா வருவியா?"

"நான் எங்க தனியா? நான் வந்தா டார்லின் வரணும். டார்லின் வந்தா பதினாலு வரணும்." இதில் மாமாவுக்கு என்ன விளங்கவில்லை என்பது போல அவள் பார்த்தாள். டார்லின் ஆமாம் என்று தலையாட்டினான். அவனுக்குப் பின்னால் வரிசையாகத் தலைகள் ஆடின.

தேவேந்திரன் அந்த இருபத்தேழு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்து, "ஏட்டி சங்கரி, அந்தப் பாரத்த எடுத்துட்டு வா" என்றார். அந்த விண்ணப்பம் கூரைச் சட்டத்தில் பத்திரமாகச் செருகி இருந்தது. ஸ்கூட்டி இருக்கையின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. இருபத்தாறு வருஷம் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் சொல்லிக் கொடுத்த எதையும் என் பிள்ளைகள் இப்படி ஒரு முற்றத்தில் வந்து நின்று செய்து காட்டியதில்லை.

டீச்சர் இரண்டு பக்கப் பேச்சைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பேர் கூப்பிடுங்க" என்றார். அந்த முற்றத்திலேயே முதலாம் நம்பர் தொடங்கினான். ரைஹானத், "பதினேழு, சங்கரி இருக்கா" என்றாள். இலை வெட்டிய கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டே சங்கரி, "பதினெட்டு, மகேஸ்வரன் வந்திருக்கான்" என்றாள். வட்டம் முடிந்ததும் முந்திரிக்கொத்தைக் கொடுத்தோம். தேவேந்திரனுக்கும் அன்னத்தாய்க்கும் கொடுத்தது போக எனக்கு ஒன்றுதான் மிஞ்சியது.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பியதும் வேதநாயகம் ஐயா எழுத்து மூலம் விளக்கம் கேட்டார். டீச்சர் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: பதினேழாம் நம்பர் வரவில்லை. சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். ஐயா அதைப் படித்துவிட்டு மேஜை டிராயருக்குள் போட்டார். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஜூன் மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில் டீச்சர், ஸ்கூட்டி பழுதானதால், சேரன்மகாதேவியிலிருந்து பஸ்ஸில் வந்தார். நான் மெயின் ரோட்டில் பைக்கோடு காத்திருந்தேன். அந்த பஸ்தான் திரும்பி எட்டு பத்துக்குப் போகிற பஸ். கண்டக்டர் புது ஆள், எங்களைத் தெரியாது. மணியைப் பார்த்துப் பார்த்து என்னிடம் அலுத்துக்கொண்டார்.

"இங்கன இருந்து நேரத்துக்கு எடுக்கவே முடியல சார். இருபத்தெட்டுப் பிள்ளைக இந்தக் கால்வாய்க் கர மேல கூட்டமா வரும். ஒன்னு, ரெண்டுன்னு பேர் கூப்பிட்டு முடிக்காம விசில் அடிக்க விடாதுவ. முந்தாநாள் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னு அது கத முழுக்க என்ட்ட சொன்ன பொறவுதான் ஏறுனதுவ. யாரு பிள்ளைகளோ, எங்கன இந்தப் பழக்கத்தப் பிடிச்சதுவளோ."

கரை மேல் முதல் தலைகள் தெரிந்தன. வாழைகளுக்கு நடுவே ரைஹானத்தும், அவள் பக்கத்தில் புதுச் சீருடையில் சங்கரியும் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர் கண்டக்டர் பக்கம் திரும்பினார். அப்பாவின் அந்தக் குரலில், ஸ்டாப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"என் பிள்ளைக."