நாற்பத்தொன்றாம் நம்பர் ட்ரிம்மர்

என் மனைவியின் தையல் டப்பாவில் ஒரு ட்ரிம்மர் கிடக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற, நூல் வெட்டும் சின்னக் கத்தரி. பிடியில் நாற்பத்தொன்று என்று பொறித்திருக்கும். "இத்தனை வருசமாகியும் மொன்னையாகலீங்களே, எங்க வாங்குனீங்க?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் பேப்பருக்குள் முகத்தை நுழைத்துக்கொள்வேன். அது வாங்கியது இல்லை என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்த காலம். இருபது வருடம் ஆகப் போகிறது. அங்கே ஓவர்லாக் மெஷினில் ஒன்பது வருடம் தைத்தவர் ஓர் அக்கா, கொமரலிங்கம் என்கிற ஊர்க்காரர். மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. வேலையை விட்டுக் கணக்கு முடித்தால்தான் சேர்ந்திருக்கும் பணம் மொத்தமாகக் கைக்கு வரும் என்று, எங்கள் பக்கம் பலரும் செய்வதைப் போல அவரும் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். பீஸ் கட்ட மூன்று வாரம் தவணை. கடைசி நாள் அவர், கம்பெனி நம்பர் போட்டுக் கொடுத்திருந்த ட்ரிம்மரை என்னிடம் நீட்டியபோது ஷிப்மென்ட் அவசரம். ரிஜிஸ்டரில் எழுதாமல் டிராயரில் போட்டேன்.

ட்ரிம்மர் திரும்பி வந்ததாக எழுதாவிட்டால் கணக்கு முடியாது. துணிக்குள் இரும்புத்துண்டு எதுவும் போய்விடக் கூடாதென்று, எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் போட்ட சட்டம். பணத்தை இழுத்தடிக்க மேனேஜருக்கு அது நல்ல சாக்கு. முதல் சனிக்கிழமை அக்கா வந்து நின்றார். "சார் கையிலதானுங்களே குடுத்தேன்" என்றார். ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "இல்லீங்க்கா, ஊட்டுல நல்லாத் தேடிப் பாருங்க" என்றேன். சத்தியமாக அப்போது எனக்கு நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊசி டப்பாவை எடுக்கும்போது டிராயர் மூலையில் அது கிடந்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ரிஜிஸ்டரைச் சரியாக எழுதவில்லை என்றுதான் எனக்கு முன்பிருந்தவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெரிய காரணம்தான், போங்கள்! ட்ரிம்மரைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் மூன்று சனிக்கிழமை அக்கா ஊரிலிருந்து வந்தார், உடுமலையில் பஸ் மாறி. ஒரு தடவை கடையில் புது ட்ரிம்மரே வாங்கி வந்தார். நம்பர் இல்லையென்று மேனேஜர் தள்ளிவிட்டார். நான்காவது வாரம் ட்ரிம்மருக்குப் பிடித்தம் செய்து பணத்தைக் கொடுத்தபோது பீஸ் கட்டும் தேதி தாண்டியிருந்தது. போகும்போது அக்கா என்னிடம் வந்தார். "சார் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும். நாந்தான் எங்கியோ போட்டுட்டனாட்ட இருக்குது. உங்க மேல பழி சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். "பரவாயில்லீங்க்கா" என்றேன். பரவாயில்லையாம்! எந்த வாயால் அதைச் சொன்னேனோ.

அடுத்த மாதம் எங்கள் செக்கிங் மேஜைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அக்காவின் மகள். ட்ரிம்மரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது நான்தான். அதில் ஒரு துணிக்கயிற்றைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, "அம்மா மாதிரித் தொலைக்க மாட்டனுங்க சார்" என்றாள். நான் தலையைக் குனிந்து ரிஜிஸ்டரில் அவள் பெயரை எழுதினேன்.

நேற்று என் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டு, மனைவி அந்த ட்ரிம்மரால் நூலை வெட்டினாள். வழக்கம்போல எங்கே வாங்கியது என்று கேட்டாள். ஞாபகமில்லை என்றேன். அவளும் நம்பிவிட்டாள், அக்காவைப் போலவே.