சேர்வர் தந்த தடைநீக்கக் கடிதம்

குருநகரில் இருக்கும் ஒரு மீன் கொம்பனியின் லினக்ஸ் சேர்வரை உடுப்பிட்டியில் என் வீட்டிலிருந்தே பராமரிப்பதுதான் என் வேலை. ஒரு வீட்டிலிருந்து ஐந்து முறை கடவுச்சொல்லைப் பிழையாக அடித்தால், அந்த வீட்டின் இணைய முகவரியையே சேர்வர் ஒரு நாளைக்குத் தடை செய்துவிடும். திருடர்களுக்காக அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தவனும் நான்தான்.

அன்று காலை முதலில் தடைப்பட்டது என் வீடு. கடவுச்சொல் எனக்கு என் பெயரைப் போல மனப்பாடம். அதனால் இணைப்பில்தான் கோளாறு என்று நினைத்து, லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கும் ஐந்து முறை அடித்தேன். அந்த வீடும் போயிற்று. அடுத்தது முன்வீட்டு அன்ரி. பிளேன்டீ தந்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

"என்னவாம் தம்பி?"

"உங்கடை வீட்டையும் தடை செய்துபோட்டுது அன்ரி."

அவர் முகம் மாறிவிட்டது. "நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள்? நான் கனடா விசாவுக்கெல்லோ போட்டிருக்கிறன். உது அவங்களுக்குத் தெரிய வருமோ?"

தெரியவராது என்று பல விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப தடை செய்தவை ஒரு கடிதம் தரட்டும்" என்றார்.

பஸ் ஏறிக் குருநகருக்கே போனேன். சேர்வரின் முன்னால் இருந்து, அங்கிருந்த விசைப்பலகையில் அதே கடவுச்சொல்லை அடித்தேன். முதல் முறையே திறந்தது. அப்போதுதான் விளங்கியது. காலையில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டு, லப்டொப்பின் விசைப்பலகையைத் தமிழிலேயே விட்டிருக்கிறேன். சேர்வரோடு இணைக்கும் கட்டளையைப் புதிதாக அடிக்காமல், முந்தைய நாள் அடித்ததையே எடுத்துப் போட்டதால் அதிலும் பிடிபடவில்லை. கடவுச்சொல் அடிக்கும்போதோ திரையில் ஒன்றும் தெரியாது. மூன்று வீடுகளிலிருந்து பதினைந்து முறை அந்தச் சேர்வரோடு தமிழில் கதைத்திருக்கிறேன்.

தடைகளை நீக்கிவிட்டு, வெட்கத்தை விட்டு மனேச்சரிடம் கடிதம் கேட்டேன்.

"ஆர் கையெழுத்துப் போடுறது? சேர்வரோ?" என்றார், சிரிக்காமல்.

"நீங்கள்தான் ஐயா."

'மேற்படி வீட்டார்மீது எமது சேர்வருக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை' என்று அடித்து, மீன் படம் போட்ட முத்திரையையும் குத்தித் தந்தார்.

அன்ரி கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். பிறகு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்து விசாப் பத்திரங்களோடு அனுப்பினார். விசா கிடைத்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் இப்போது என்னை எங்கே கண்டாலும் மறிக்கிறார். "எங்கடை கடிதம் எங்கை?"

"நீங்கள் ஒரு இடமும் போகேல்லையே அண்ணை?"

"போகேல்லைத்தான். எண்டாலும் வீட்டிலை ஒண்டு கிடக்கட்டும்."