பப்பாளிப் பொடியும் என் கையும்

பயந்தாங்கொள்ளி என்று என்னை யாரும் சொன்னதில்லை. காப்பித் தோட்டத்தில் காட்டெருமை குறுக்கே வந்து நின்றபோதுகூடக் கூடையைக் கீழே போடாதவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையை நினைத்தால் மட்டும் இப்போதும் பயமாக இருக்கிறது.

என் மகளுக்குப் பத்தொன்பது வயது. ஏற்காட்டு மலையில், வாழவந்திப் பக்கத்து எஸ்டேட்டில் எங்கள் வீடு. அங்கிருந்து தினமும் பஸ் பிடித்து சேலத்தில் கல்லூரிக்குப் போகிறாள். அவள் தோல் சின்ன வயதிலிருந்தே தொட்டாற்சிணுங்கி. சோப்பு மாற்றினால் தடிக்கும், வெயில் பட்டால் சிவக்கும், பனிக்காலத்தில் மூக்கோரம் செதில் செதிலாக உரியும். சேலத்துத் தோல் டாக்டர், எதையும் போட்டுத் தேய்க்கக் கூடாது என்று சொல்லி, பப்பாளி என்சைம் கலந்த ஒரு பொடியை எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு தடவை. தண்ணீரில் குழைத்து மெல்லப் பூசி, ஒரு நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். செத்த தோலை அது தானாகக் கரைத்துவிடுமாம்.

முதல் வாரம் அவளே காதுக்குப் பின்னால் பூசி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூக்கோரம் இன்னும் கொஞ்சம் செதில் இருந்தது. எனக்கோ அரைகுறை வேலை கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது.

சீசனில் நான் எஸ்டேட்டில் காப்பிப் பழம் உரிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். உரித்த கொட்டையைத் தொட்டியில் ஊறவிட்டால் மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பு தானாகக் கரையும். எத்தனை மணி நேரம் என்று கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்க்க வேண்டும். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. நறநறவென்று இருந்தால் கழுவிவிடலாம். எஸ்டேட் கணக்குப் பார்க்கும் ரைட்டரே என் கையைக் கேட்டுத்தான் தொட்டியைத் திறக்கச் சொல்வார். அந்தத் தலைக்கனம் எனக்கு நிறையவே உண்டு.

அடுத்த ஞாயிறு, "நான் போட்டு உடறேன் கண்ணு, நீ கண்ண மூடிக்க" என்று அவளை வாசலில் உட்கார வைத்தேன். பூசினேன். கொஞ்ச நேரத்தில், "போதும்மா, கழுவிறலாம்" என்றாள்.

"இரு சாமி, இன்னும் வழவழன்னு இருக்குது" என்றேன். கட்டைவிரலால் கன்னத்தை நெருடிப் பார்த்தேன். தண்ணீர் தொட்டு மறுபடியும் குழைத்தேன்.

"எரியுதும்மா."

"கொஞ்சம் எரியத்தான் செய்யும்."

அவள் கண்ணை மூடியபடியே என்னை நம்பி உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் ஆனது என்று நான் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கடைசியில் கழுவியதும் முகம் நெருப்பாகச் சிவந்திருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் பளபளத்தது. அரைமணி நேரத்தில் இடது இமை வீங்கி மூடிக்கொண்டது.

பார்வை போய்விடுமோ என்றுதான் முதலில் நினைத்தேன். மொபெட்டை எடுத்து அவளைப் பின்னால் உட்கார வைத்தேன். ஈரத் துண்டைக் கன்னத்தில் பிடித்தபடி என் முதுகில் சாய்ந்துகொண்டாள். ஏற்காடு வரைக்கும் பனி மூட்டம். ஒவ்வொரு திருப்பத்திலும், "கண்ணு தெரியுதா சாமி? பேசு, ஏதாச்சும் பேசு" என்று கத்திக்கொண்டே ஓட்டினேன்.

"ஒரு கண்ணு தெரியுதும்மா. நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றாள்.

ஏற்காடு ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கண்ணைக் கழுவி, டார்ச் அடித்துப் பார்க்கும்வரை நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க, கண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்களே?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குங்க. பொடி மேலயும் தப்பில்ல. ஒரு நிமிஷத்துல கழுவியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. செத்த தோல் போனதுக்கப்புறமும் உட்டு வெச்சுத் தேய்ச்சீங்கன்னா, உசுருள்ள தோலுதானுங்களே புண்ணாகும்?"

நான் செய்த வேலையை அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

இரண்டாம் நாள் இமை திறந்தது. வாஸ்லின் மட்டும்தான் தடவச் சொன்னார்கள், வெயில் படக் கூடாது என்றார்கள். அந்த நாட்களில் தூங்கும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தழும்பு விழுந்தால் இந்தப் பெண்ணின் முகத்தில் என்னத்தைச் சொல்லி முழிப்பேன் என்ற நினைப்பு சோறு இறங்கவிடவில்லை. நல்லவேளை, தோல் ஒரு சுற்று உரிந்து, மாதக் கடைசிக்குள் பழையபடி ஆகிவிட்டது. ஒரு சுடுசொல்கூட அவள் என்னைச் சொல்லவில்லை.

போன வாரம் கல்லூரிக்குக் கிளம்பும்போது அவள் கன்னத்தில் சட்னி ஒட்டியிருந்தது. துடைக்கக் கையை நீட்டினேன். வெடுக்கென்று முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணும்னு பண்ணலம்மா, தானா வந்துருச்சு" என்றாள். பிறகு கண்களை இறுக மூடிக்கொண்டு கன்னத்தை என் பக்கம் நீட்டினாள். "தொடச்சு உடு."

என் கை போகவில்லை. துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொன்னேன்.