கிளட்ச் யார் காலில்

பதினைந்து நாளில் ஒரு தடவைகூட எனக்கு வண்டி ஆஃப் ஆகவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குக் கை நன்றாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன், கூறு கெட்டவள்.

நான் கார் பழகியது ஆசைக்கு அல்ல. மாமியாருக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போக வேண்டும். வீட்டுக்காரர் போர்வெல் ரிக்கோடு வடக்கே போனால் ஆறு மாதம் ஆகும் திரும்ப. அவர் கார் வாசலில் உறை போட்டு நிற்கும், சாவி என் கையில் இருக்கும். ஆனாலும் செவ்வாய், வெள்ளி வந்தால் கொழுந்தனார் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். "ரெடியாகி இருங்க அண்ணி, இதோ வாரேன்" என்பார். அந்த "இதோ" எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை வரவே இல்லை. மாமியார் விடிய விடிய மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். பெற்ற மகன் மறுநாள் வந்து "மறந்தே போச்சுங்க அண்ணி" என்றார். அன்றைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

மாஸ்டர் இடப்பக்கம் உட்காருவார். அவர் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். "கீழ பாக்காதீங்க மேடம், ரோட்டப் பாருங்க" என்பார். கியர் போடுவேன், வழுக்கிக்கொண்டு விழும். "சூப்பருங்க" என்பார். லைசென்ஸும் வந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாமியாரைப் பின் சீட்டில் உட்காரவைத்து எங்கள் காரை எடுத்தேன். ஒரு குலுக்கல், ஆஃப். மறுபடி குலுக்கல், ஆஃப். கேட்டைத் தாண்டுவதற்குள் ஒன்பது தடவை. மாமியார் முன் சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "வேண்டாஞ் சாமி, சின்னவனையே கூப்புட்டுக்கலாம்" என்றார். கூப்பிட்டேன். வந்தவர் சிரித்தார் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. "கிளட்ச்ச மெதுவா விடோணும்ங்க அண்ணி. ஸ்கூல்ல சொல்லித் தரலீங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு கிளட்சும் ஒன்றாகத்தான் இறங்கும், ஒன்றாகத்தான் ஏறும். பதினைந்து நாளும் மிதித்ததும் விட்டதும் மாஸ்டர் கால். என் கால் சும்மா மேலே உட்கார்ந்து போய்வந்திருக்கிறது.

மறுநாள் காலை ஸ்கூலில் மாஸ்டர் முன்னால் போய் நின்றேன். "ஏனுங்க, எனக்குக் கத்துக் குடுத்தீங்களா, இல்ல என்னைய உக்கார வெச்சு நீங்க ஓட்டுனீங்களா?"

அவர் மறுக்கவில்லை. வெட்கப்படவும் இல்லை. "ஆம்பளைங்களுக்கு நான் மிதிக்க மாட்டனுங்க. லேடீசுக்கு ஊட்ல யாரு வண்டியக் குடுக்கறாங்க? எதுக்கு நடுரோட்டுல நிக்க வெச்சு அழ வெக்கோணும்னுதானுங்க."

உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. இரக்கமாம்! "வண்டிய எடுங்க" என்றேன். "நீங்க சீட்டு மேல சம்மணம் போட்டு உக்காருங்க. காலு கீழ எறங்குச்சு, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

உட்கார்ந்தார். அன்றையிலிருந்து பத்து நாளும் அப்படியேதான். மேட்டில் வண்டி பின்னால் உருண்டது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள், நானும் பதிலுக்குத் திட்டினேன். மாஸ்டர் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். பத்தாம் நாள், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று என் காலுக்கே தெரிந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை மாமியாரை நானே கூட்டிப் போனேன். அரை மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். மதியம் கொழுந்தனார் போன் செய்து, "அய்யோ, மறந்தே போச்சுங்க அண்ணி" என்றார்.

"நான் மறக்கலீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பும்போது ஒரு லாரி குறுக்கே திரும்பியதில் எல்லா வண்டிகளும் நின்றன. எனக்கு வலப்பக்கம் அதே ஸ்கூல் கார். காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். என் ஜன்னலுக்கு நேராக மாஸ்டர். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லாரி போய்விட்டது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். நான் நகரவில்லை. கண்ணாடியை இறக்கி, அவரைத் தாண்டி அவளுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

"பாப்பா! கீழ குனிஞ்சு அந்தாளு காலப் பாரு!"

அவள் குனிந்து பார்த்தாள்.