கூடையில் வந்த கடிதங்கள்

பதுளை வீட்டு வாசலில் தபால்காரரின் மணி கேட்டதும், அம்மா என்னை முந்திக்கொண்டு எழுந்தாள்.

முன்பு நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தபால்காரர் வரமாட்டார். கடிதங்கள் தோட்ட ஆபீஸ் ஜன்னலோரம் வாரக்கணக்கில் தூசி படிந்து கிடக்கும். தொண்ணூறுகளில் அக்கா ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். ஒருநாள் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் ஈரச் சாக்குடன், அம்மா அந்த ஜன்னல் முன் போய் நின்றாள். நானும் கூட நின்றேன்.

"நாளைக்கு வாம்மா," என்றார் உள்ளே இருந்த ஆபீஸ் கிளாக்கர்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. நீங்க ஒவ்வொரு பேரா வாசிங்க, நிக்கிறேன்."

கடிதக் கட்டின் அடியில்தான் இருந்தது அக்காவின் கடிதம். நேர்முகப் பரீட்சைக்கு இரண்டே நாள்! அதோடு விட்டாளா? லயத்துக்காரர்களின் கடிதங்கள் அத்தனையையும் காலியான கொழுந்துக் கூடையில் அடுக்கி வாங்கிவந்தாள். கிளாக்கர் வாசித்த வரிசையை மனதில் வைத்தே வீடுவீடாகக் கொடுத்தாள். ஒன்றுகூட மாறவில்லை. அக்கா டீச்சரான பிறகும் அம்மா வாராவாரம் அந்த ஜன்னலுக்குப் போனாள்.

இப்போது வாசல் கேட் அருகே, தபால்காரரிடம் பேசும் அவள் குரல் கேட்கிறது:

"எதுத்த வீட்டுல ஆளில்ல தம்பி. அவங்க கடுதாசியையும் இங்க குடுங்க."