கருக்காத வடிதுணி

என் அக்கா சிரித்துக்கொண்டே பழி வாங்குகிறவள் அல்ல. வாங்கி முடித்த பிறகுதான் சிரிப்பாள்.

அவள் புருஷன், என் மாமா, இறந்த பிறகு, எங்கள் கடைத்தெருவிலேயே அதிகக் கூட்டம் வரும் வறுவல் கடையில் அடுப்படி வேலைக்குப் போனாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் வாணலியில் தார் மாதிரி கருத்துக் கிடந்த எண்ணெயில் இன்னும் ஒரு ஈடு போடச் சொன்னான் முதலாளி. இவள் முடியாது என்று சொல்லி அத்தனையையும் வெளியே கொட்டிவிட்டாள். அதற்கு அவன் என்ன செய்தான் தெரியுமா? சாப்பிட வந்தவர்கள் நடுவில் நின்றுகொண்டு, "டின்னு டின்னா எண்ணெயைத் திருடி விக்கிறா! இனிமே இந்தப் பக்கம் வந்த, காலை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினான். மனுஷனா அவன்?

அன்றோடு அவளுக்கு எண்ணெய்த் திருடி என்று பெயர் விழுந்தது. வேறு எந்தக் கடையிலும் அவளை அடுப்படிக்குள் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் மகளையும் அதே பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டதும் அக்கா நேராக என் பட்டறைக்கு வந்து நின்றாள். நான் கார் மெக்கானிக்.

"உங்க மாமா விட்டுட்டுப் போன டீசல் கார் இன்னும் ஓடுமாடா?"

"ஓடும். டீசலுக்கு எங்க போவ?"

"பொரிச்ச எண்ணெய்ல ஓட வை. கடைக்காரங்க எல்லாம் சாக்கடையில ஊத்துறதுதானே? வாடகைக்கு ஓட்டுறேன்."

"உனக்கென்ன கிறுக்கா? எண்ணெய்த் திருடின்னு ஊரே சொல்லுது, நீ டின்னைத் தூக்கிக்கிட்டுத் திரியப் போறியா?"

"எல்லாரும் பாக்கட்டும்னுதான்டா தூக்கப் போறேன். திருடின்னு சொன்ன வாயே இல்லன்னு சொல்லணும். அதே ஆளுங்க முன்னாடி சொல்லணும்."

டிக்கியில் இரண்டாவது தொட்டி ஒன்று வைத்தேன். இஞ்சினில் சூடான தண்ணீர் செம்புக் குழாய் வழியாக அதற்குள் சுற்றி வரும். சூடு பட்டால்தான் எண்ணெய் இளகும். கிளப்புவது டீசலில். சூடேறியதும் ஒரு திருகைத் திருப்பி எண்ணெய்க்கு மாற வேண்டும். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி டீசலுக்கு வந்துவிட வேண்டும், இல்லையென்றால் குழாயில் எண்ணெய் இறுகி, மறுநாள் வண்டி அசையாது. அக்கா ஒருமுறை மறந்துபோய் என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு மறக்கவே இல்லை. வண்டி போகிற வழியெல்லாம் கிழங்கு பொரிக்கிற வாசனை வரும், எனக்கே பசிக்கும்.

ஒவ்வொரு கடை வாசலிலும் நிற்பாள். புனலில் வெள்ளைத் துணி கட்டி, பழைய எண்ணெயை அங்கேயே வடிப்பாள். தூளும் கரியும் தங்கித் துணி கன்னங்கரேல் என்று ஆகிவிடும். அதைக் கார்க் கதவில் தொங்கவிட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போவாள். வறுவல் கடையில் மட்டும் நிற்க மாட்டாள். "திருடிக்குக் கார் ஒரு கேடு!" என்று அவன் வாசலில் நின்று நக்கலடித்தான். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பொறுடா. நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்களே கேப்பாங்க."

கேட்டார்கள். பூட்டுக்கடைக்காரர்தான் முதலில் கேட்டார். "ஏம்மா, அவ்வளவு கூட்டம் வர்ற கடை, அங்க மட்டும் ஏன் எண்ணெய் எடுக்கறதில்ல?"

"அங்க மிஞ்சுறதே இல்லண்ணே."

"அத்தனை பொரிக்கிறான், மிஞ்சாம எங்க போகும்?"

அக்கா வண்டியைக் கிளப்பினாள். அவர் தன் கையிலிருந்த வறுவல் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேச்சு தெரு முழுக்கப் பரவி, அவன் கடையில் பாதிக் கூட்டம் நின்றுவிட்டது. ஒரு மத்தியானம், தெரு நிறைய ஆள் இருக்கும்போது, டின்னோடு ஓடிவந்து காரை மறித்தான். "என் கடையில மிஞ்சாதுன்னு எவ சொன்னா? இந்தா, நேத்து பொரிச்ச எண்ணெய். எடுத்துக்கோ!"

அக்கா இறங்கினாள். புதுத் துணி ஒன்றைப் புனலில் கட்டி, பாதி டின்னை ஊற்றினாள். எண்ணெய் பளபளவென்று இறங்கியது. துணியில் ஒரு பொட்டுக் கரி இல்லை. பழைய எண்ணெய் மிஞ்சியிருந்தால்தானே கொண்டுவருவான்? அவசரத்தில் புது எண்ணெயைப் பிரித்து ஊற்றிக்கொண்டு வந்துவிட்டான், முட்டாப்பய.

அக்கா துணியை அவிழ்த்து எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். "என் காருக்குப் புது எண்ணெய் குடுக்கறீங்க முதலாளி. இவங்களுக்கு எதுல பொரிக்கறீங்க?"

அவன் கடைப் பக்கம் திரும்பினான். அக்கா விடவில்லை.

"அன்னிக்கு நான் எண்ணெயைத் திருடினேனா, கொட்டினேனா?"

"விடும்மா. உள்ள வா, பேசிக்கலாம்."

"வெளியிலதானே சொன்னீங்க? வெளியிலயே சொல்லுங்க."

"கொட்டின."

"கேக்கல."

"கொட்டினம்மா! திருடல! போதுமா?"

பூட்டுக்கடைக்காரர் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். கடைக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது. அது தப்பென்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

அக்கா அவசரப்படவே இல்லை. டின்னில் மிச்சம் இருந்ததையும் ஒரு சொட்டு விடாமல் தொட்டியில் ஊற்றினாள். காலி டின்னை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"மிஞ்சினா சொல்லி அனுப்புங்க," என்றாள்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் சிரித்தாள்.